ஒரே காளையின் மகள்கள்

"என் காளையை மாத்திட்டான் டாக்டரம்மா. வேற யாரு, கூடப் பிறந்த தம்பிதான்."

பண்ணைக்காரர் உட்காரக்கூட இல்லை. அவருடைய காளைக்குப் பிறந்த பசுக்கள் ஒரு காலத்தில் குடம் குடமாகக் கறந்தவை. தம்பி பிரிந்துபோன பிறகு பிறந்தவையோ ஒரு செம்புக்கே திணறின. அந்தக் காளையை நம்பி மற்ற மாடுகளையெல்லாம் அவர் விற்றிருந்தார். அசல் காளை கிடைக்காவிட்டால் மந்தை மொத்தமும் கசாப்புக்குத்தான்.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? தம்பிதாம்மா" என்றார் ஜீப் டிரைவர். ஓய்வுபெற்ற அந்த மாட்டு டாக்டரின் வழக்குகளில் குற்றவாளியை முதலில் பிடிப்பவர் அவர்தான். என்ன, ஆள்தான் மாறிப்போகும்.

தொழுவத்தில் டாக்டரம்மா காளையின் கொம்பிலிருந்த பழைய விரிசலைத் தடவிப் பார்த்தார். ஒட்டிய வயிற்றோடு ஒரு கன்று டிரைவரின் சட்டை நுனியைச் சப்பி இழுத்தது. ஓரத்தில் ஒரு செவலைப் பசு வாளி நிறையக் கறந்துகொண்டிருந்தது.

"இது?"

"பக்கத்துப் பண்ணைக் காளைக்குப் பிறந்தது. தம்பி வளர்த்தான். நல்லா கறக்குதேன்னு விக்கல."

"உங்க காளையோட கன்னு வேற எங்கயாவது வளர்ந்திருக்கா?"

"தம்பி இருந்தப்பவே தங்கச்சிக்கு ரெண்டு கொடுத்தேன். ஒண்ணும் தேறல."

மறுநாள் மாலை பண்ணைக்காரர் மறுபடி டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார்.

"காளை மாறல" என்றார் டாக்டரம்மா. "அந்தக் கொம்பு விரிசலுக்கு, உங்க தம்பி இருந்த காலத்துல கட்டுப் போட்டதே நான்தான்."

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரே அப்பனுக்குப் பிறந்ததெல்லாம் நல்லா கறந்தா, அது ரத்தமாவும் இருக்கலாம், வளர்த்த கையாவும் இருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கிறதைத்தான் நாங்க மரபுப் பங்குன்னு சொல்லுவோம். உங்க காளை ரத்தம் தங்கச்சி வீட்ல கறக்கல. வேற காளை ரத்தம் உங்க தம்பி கையில வளர்ந்து வாளியை நிறைக்குது. அவர் கன்னுங்களுக்கு வயிறு நிறையப் பால் விட்டார். நீங்க?"

"ரத்தத்துலயே இருக்கேன்னு... அந்தப் பாலையும் கறந்து வித்துட்டேன்."

தேடிக் கண்டுபிடிக்க அசல் காளை என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலியில் சரிந்து அழுதார்.

"போலீஸ்ல வேற எழுதிக் கொடுத்தேனே. இப்பக் கூப்பிட்டா வருவானாம்மா?"

"காலையில போய்ப் பார்த்தேன். மாட்டுத் திருடன்னு பேர் வந்ததும் எந்தப் பண்ணையிலயும் சேர்க்கல. கசாப்புக் கூடத்துல வேலை செய்யறார்."

"என்ன சொன்னான்?"



"'நான் வளர்த்த மாடுங்க இங்க வந்தா, வேற யார் கையிலயும் விடமாட்டேன், நானே பார்த்துக்கறேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க'ன்னார்."