வெட்டிய மூச்சு

அண்ணன் வீட்டுச் சாவி பதினோரு நாளாக என் கைப்பையிலேயே கிடந்தது. பன்னிரண்டாம் நாள், பகல் இரண்டு மணிக்குத்தான் போய்க் கதவைத் திறந்தேன். அழுவதற்காகப் போகவில்லை. ஒரு நிமிட மௌனம் எடுத்துவரப் போனேன்.

கிறுக்குத்தனமாகத் தோன்றும். என் தொழிலைச் சொன்னால் புரிந்துவிடும். நான் ஒலித்தொகுப்பாளர். பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவார்கள். இருமல், உச்சுக்கொட்டல், நாற்காலி கிறீச்சிடுவது, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் வெட்டியெறிந்து வழவழவென்று ஆக்கித் திருப்பிக் கொடுப்பேன். வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் காது கண்டுபிடித்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு அறைக்கும் சொந்தமாக ஒரு மௌனம் உண்டு. குழாயில் ஓடும் தண்ணீர், தெரு இரைச்சல், எங்கோ சுற்றும் மோட்டார் எல்லாம் சேர்ந்த ஒன்று. அதனால், பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடம் வாயே திறக்காமல் அறையை மட்டும் பதிவு செய்யச் சொல்வோம். தையல்காரர் ஒட்டுப்போட அதே துணியில் கொஞ்சம் எடுத்து வைப்பதுபோல, ஓட்டைகளை நான் அந்த மௌனத்தால் அடைப்பேன்.

அண்ணனுடைய கடைசிப் பதிவில் அந்த ஒரு நிமிடம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே பேச ஆரம்பித்திருந்தான். அதைப் பேசி முடித்த இரண்டாம் நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். இதயம் என்றார்கள். ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லையா என்று மருத்துவர் கேட்டார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கப் படியேறித்தானே போகவேண்டும் என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வான். மூன்று வருடம் முன்பு, ஏதோ ஒரு பதினான்காம் மாடி மோட்டார் அறையில் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தபோது, கைபேசியில் பாட்டு தேடப்போய்க் கைதவறி ஒரு பாட்காஸ்டைத் தட்டிவிட்டான். இரண்டு பெண்கள் ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். நடுவில் ஒருத்தி, அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். மற்றவள் அதுவரை சும்மா காத்திருந்தாளாம். அன்று சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்தான்.

"பாப்பா, இதுல ஒண்ணுமே இல்ல. ஆனா நிறுத்த முடியல. நாம தூங்கப் போனப்புறம் பக்கத்து ரூம்ல பெரியவங்க பேசிக்கிட்டே இருப்பாங்களே, அது மாதிரி இருக்கு."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவனுக்கு நான் பாப்பாதான். அண்ணி இறந்து ஆறு வருடமாக அந்த வீட்டில் அவனோடு பேச ஆளில்லை. அந்த வாரமே ஏழெட்டு பாட்காஸ்டுகளைக் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த மாதம், தானே ஒன்று தொடங்கப்போவதாகச் சொன்னான். கூட்டாளி அவனுடைய பள்ளித்தோழர், கணினி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் வாத்தி. நிகழ்ச்சியின் பெயர் 'ஊர்ப்பட்ட பேச்சு'. பெயருக்குத் துரோகம் செய்யவேயில்லை. கைபேசியில் படிப்பது படிப்பில் சேருமா, கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவனை மன்னிக்கலாமா, கணினி நமக்குப் பதிலாகக் கடிதம் எழுதினால் கையெழுத்து யாருடையது, லிஃப்ட்டில் ஏற்கெனவே எரிகிற பொத்தானையே ஜனங்கள் ஏன் மறுபடியும் மறுபடியும் அழுத்துகிறார்கள். முந்நூறு பேர் கேட்டார்கள். அதில் பாதிப்பேர் லிஃப்ட்காரர்கள்.

இருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஃபோனில் பேசிக்கொள்வார்கள். அவரவர் குரலை அவரவர் ரெக்கார்டரில் பதிவு செய்து எனக்கு அனுப்புவார்கள். ஃபோன் மூச்சுச் சத்தத்தை வடிகட்டிவிடும். ஆகையால் வாத்திக்கு அது கேட்டதில்லை. நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கும் அது கேட்கவில்லை, நான்தான் வெட்டிவிடுவேனே.

அண்ணன் மூச்சு விட்டதை இந்த உலகத்தில் கேட்டது நான் ஒருத்திதான்.

கேட்டது மட்டுமில்லை, பார்த்தேன். திரையில் ஒவ்வொரு மூச்சும் ஒரு சின்ன மேடாகத் தெரியும். முதல் நிகழ்ச்சியில் நிமிடத்துக்குப் பதினாலு மேடு. ஒரு வருடம் கழித்து இருபத்திரண்டு. கடைசியாக முப்பத்தெட்டு. இத்தனையையும் எண்ணியவள் என்ன செய்தேன் தெரியுமா? வேலை கூடிப்போச்சு என்று எரிச்சல்பட்டேன். அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. 'அண்ணா, மைக்ல மூச்சு விடாதே. மௌனம் எடுக்கும்போதும் மூச்சு கேக்குது. ரெக்கார்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கோ. ஒரு நிமிஷம்தானே.'

'சரி பாப்பா, ஸாரி' என்று பதில் போட்டிருந்தான்.

கடைசிப் பதிவை வெளியிட்டே ஆகவேண்டும் என்று வாத்தி கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் குரலை இன்னொரு தரம் எல்லோரும் கேட்கட்டும் என்றார். அதற்குத்தான் அந்த அறையின் மௌனம் வேண்டியிருந்தது.

பதிவறை என்று அவன் பெருமையடித்துக்கொண்டது, படுக்கையறை மூலையில் அண்ணியின் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு. மூன்று பக்கமும் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தான். உள்ளே ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி, ரெக்கார்டர். மேசை விளிம்பில், மின்கம்பியில் சுற்றுகிற கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பிரித்த டேப்பை எறிய மனசு வராது அவனுக்கு. திரும்ப ஆகும் என்று விளிம்பில் ஒட்டி வைப்பான். கம்பளிகளில் கிரீஸ் வாசனையும் அவன் தேய்த்துக்கொள்ளும் வலித்தைல வாசனையும் அப்படியே இருந்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பளியை இழுத்து மூடியதும் பட்டப்பகல் வெளியே நின்றுவிட்டது.

ரெக்கார்டரில் கை வைக்குமுன் அது கேட்டது.

குட்டையான மூச்சு. விட்டு விட்டு, அவசர அவசரமாக.

என்னுடையது என்றுதான் நினைத்தேன். மூன்று மாடி ஏறி வந்தவள்தானே. வாயை மூடி என் மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

என் வலது தோளுக்குப் பின்னால், கம்பளிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்க இடமில்லாத இடத்தில் அது வந்துகொண்டிருந்தது. பயத்தில் எனக்கு எப்போதும் கை பழகிய வேலையைத்தான் தேடும். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

மூச்சு நின்றது.

சட்டென்று, வாயைப் பொத்தியதுபோல நின்றது.

ரெக்கார்டரின் திரையில் வினாடிகள் ஓடின. பத்து. இருபது. குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம், தெருவில் ஏதோ வண்டி. வேறு ஒன்றுமில்லை. நாற்பது. இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு சுத்தமான மௌனத்தை நான் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். விளக்கு அணைந்தது.

பின்னால், தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தவன் இழுப்பதுபோல, ஒரு நீண்ட மூச்சு.

கத்தவில்லை. ஓடவுமில்லை. அடக்கமுடியாமல் அழுகை வந்தது. என் அண்ணன் செத்த பிறகும் நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தான்.

"அண்ணா," என்று கிசுகிசுத்தேன். "விடுண்ணா. நான் வெட்ட மாட்டேன். சத்தியமா வெட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. மூச்சு நின்றது. ஒரு நிமிடம் போனது. விடு, விடு என்று கெஞ்சினேன். ஒன்றரை நிமிடம். கம்பளி மெல்ல நடுங்கியது, பின்னாலிருந்து யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. இரண்டு நிமிடம். என்னால் தாங்கமுடியவில்லை. ரெக்கார்டரையே பிடுங்கி நிறுத்தினேன். மறுபடியும் அந்த இழுப்பு, இந்தத் தடவை அதில் ஒரு முனகலும் இருந்தது. என் வார்த்தையை அவன் நம்பவில்லை. நம்பும்படி நான் எப்போது நடந்துகொண்டேன்?

அப்போதுதான் கடைசிப் பதிவோடு அவன் அனுப்பியிருந்த இரண்டு வரி ஞாபகம் வந்தது. 'இந்த வாட்டி மௌனம் எடுக்கல பாப்பா. கோவிச்சுக்காதே.' மறந்துவிட்டான், மறதிக்கார மனுஷன் என்று அன்று முணுமுணுத்தேன். அவன் மறக்கவில்லை. ஒரு நிமிடம் பிடிக்க மூச்சு இல்லை.

ரெக்கார்டரையும் மேசையில் கிடந்த டேப் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். அன்று சாயங்காலமே கடைசிப் பதிவைத் தொகுத்தேன். ஒரு மூச்சைக்கூட வெட்டவில்லை. வாத்திக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடம் கழித்து ஃபோன் வந்தது.

"இவ்ளோ மூச்சு வாங்கியிருக்கானே," என்றார். "எனக்கு ஃபோன்ல ஒண்ணுமே தெரியலையே. உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"தெரியும் வாத்தியண்ணா. ஒரு வருஷத்துக்கு மேலயே தெரியும். எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: அப்படியே போடு, எதையும் வெட்டாதே.

போட்டேன். எரிகிற பொத்தானை மறுபடி அழுத்துகிறவர்களைப் பற்றி அவன் பேசி, நடுநடுவே மூச்சு வாங்கி, சிரித்து, மறுபடி மூச்சு வாங்கியதை முந்நூறு பேர் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், லிஃப்ட்காரர்தான், அதைக் கேட்டுவிட்டுத் தன் மூச்சு சரியில்லையே என்று மருத்துவரிடம் போய்ப் பார்த்ததாக எழுதியிருந்தார். அதைப் படித்துச் சந்தோஷப்படுவதா வயிற்றெரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பட்டேன்.

ரெக்கார்டரை என் வேலையறையில் ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் முற்பகல், வேறு ஒருவரின் பதிவைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது வலித்தைல வாசனை வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். என் வலது தோளுக்குப் பின்னால் அவன் மூச்சு.

இந்த முறை பயம் வரவில்லை. எண்ணினேன். முப்பத்தெட்டு.

சோதனைக்காக ரெக்கார்டரை ஓடவிட்டதும் நின்றுவிட்டது. அவன் டேப் சுருளிலிருந்து ஒரு துண்டு கிழித்து அந்தச் சிவப்பு விளக்கின்மேல் ஒட்டி மறைத்தேன். சற்று நேரத்தில் மூச்சு திரும்பி வந்தது. அன்றிலிருந்து தினமும் முற்பகலில் விளக்கை மறைத்தபடி ரெக்கார்டரை ஓடவிடுகிறேன். அவன் மூச்சு விடுகிறான், நான் வேலை பார்க்கிறேன். பக்கத்து அறையில் யாரோ இருப்பதுபோல இருக்கிறது. எண்ணிக்கை மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது. போன மாதம் இருபத்தாறு. போன வாரம் பத்தொன்பது. இறங்க இறங்க எனக்கு வேறொரு பயம் பிடித்தது, ஒருநாள் ஒன்றுமே இருக்காதோ என்று.

இன்று முற்பகல் வேலையறைக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ரெக்கார்டரை நான் இன்னும் தொடவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. விளக்கின்மேல் டேப் இல்லை. பிரித்து, மடிப்பு விழாமல், என் மேசை விளிம்பில் நேராக ஒட்டியிருந்தது.

சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் மூச்சு நிற்கவில்லை. என் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முதல் நிகழ்ச்சியில் எண்ணியதுபோலவே, ஒரு நிமிடத்துக்குப் பதினாலு.