கேட் சாத்தியாச்சு

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். உயரம் கட்டைவிரல் நகம் அளவுதான். ஆனால் அவளை அங்கே யாரும் வைக்கவில்லை.

பஞ்சாட்சரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். ரயில் கனவில்கூட எட்டிப் பார்க்காத ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் வீட்டின் பின்னறையில், காட்பாடி–விழுப்புரம் பாதையைப் பொம்மை ரயிலோடு அப்படியே இறக்கி வைத்த மகாராஜா அவர். பதினெட்டு அடிப் பலகை. கண்ணமங்கலம் உண்டு, ஆரணி ரோடு உண்டு, போளூர் உண்டு. போளூர் ஸ்டேஷன் வேப்பமரத்துக்கு இலைகளை எண்ணிப் பார்த்துத்தான் ஒட்டினார் என்று மலை முழுக்கப் பேச்சு, அவரும் மறுத்ததில்லை. போளூருக்கு இந்தப் பக்கம், முப்பது வருஷம் கேட்காரராக அவர் சாத்தித் திறந்த ரயில்வே கேட். மனிதர்களைச் செய்தது மட்டும் சிநேகிதர் ஒவைஸ் பாய். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். அவர் துண்டுத் தோலில் ஓர் ஆளைச் செதுக்கினால், அந்த ஆள் எந்த நிமிஷமும் தும்முவான் போலிருக்கும்.

இவளும் தோல்தான். மஞ்சள் புடவை. தலையில் புல்லுக்கட்டு. தொட்டால் ஈரம். பதப்படுத்தாத பச்சைத் தோலின் வாடை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவருக்கு அவளைத் தெரியும். வெள்ளையம்மாள்.

வண்டி வருகிறதென்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால், கேட்காரர் கேட்டைப் பூட்டிவிட்டுத் தாளில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். எண் சொன்னால் கேட் பூட்டியாயிற்று என்று அர்த்தம். அதை நம்பித்தான் சிக்னல் கொடுப்பார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சோற்றில் கை வைத்திருந்த பஞ்சாட்சரம் எண்ணை முதலில் சொல்லிவிட்டார். கை கழுவி வந்து சாத்திக்கொள்ளலாம் என்று. அவர் வாய் கொப்பளிப்பதற்குள் வெள்ளையம்மாள் மேல் வண்டி ஏறியிருந்தது. கேட்டைச் சாத்தியது அதற்கப்புறம். பூட்டிய கேட்டில் அவள்தான் குனிந்து புகுந்தாள் என்று எழுதினார்கள். அவர் பெயரில் ஒரு கரும்புள்ளி இல்லை. உண்மை தெரிந்த இன்னோர் உயிர் ஒவைஸ் பாய் மட்டுமே.

போன் போட்டார்.

"இன்னா பாய் விளையாட்டு இது? எப்போ வந்து வெச்சுட்டுப் போன?"

"இன்னாத்த வெச்சேன்? நான் மலையேறி மூணு வாரம் ஆவுதுபா. என் முட்டிக்கு மாடிப்படியே இமயமலை." காற்றும் இன்ஜின் இரைச்சலும் குரலைக் கிழித்தன. "இப்பதான் வந்துக்கினு இருக்கேன். நதியா வண்டியில, பின்னாடி குந்திக்கினு."

"எந்த நதியா?"

"வெள்ளையம்மா பொண்ணு. சொல்லிட்டேன் பஞ்சு. திருட்டுத்தனமா பூந்து செத்தவ பொண்ணுன்னு இன்னும் ஊரு அவள ஏசுது. உன் வாயால ஒருதபா சொல்லிடு, போதும்."

"என் கையப் புடிச்சி சத்தியம் பண்ணியே, பாய்!"

"பண்ணேன். தூக்கம் வரலபா."

இருபது வருஷம். எத்தனை தட்டு பிரியாணி, எத்தனை ரம்ஜான், எத்தனை பொங்கல். அத்தனையையும் ஒரு வாய்ச் சொல்லில் கொட்டிக் கவிழ்த்துவிட்டான். பஞ்சாட்சரம் போனை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலில் மூடுபனி இறங்கி, புளியமரத்தை விழுங்கி, முற்றத்தை விழுங்கி, கண்ணாடியில் வந்து மூச்சு விட்டது. கரண்ட் போனது.

பச்சைத் தோல் வாடை ஏறியது.

டடக். டடக்.

கரண்ட் இல்லாத பலகையில், ஆரணி ரோடு ஸ்டேஷனிலிருந்து பொம்மை ரயில் கிளம்பியிருந்தது.

அவர் திரும்பினார். கேட்டுக்கு முன்னால் ரோட்டில் இப்போது ஒரு பைக். ஓட்டுவது ஒரு பெண். பின்னால் வெள்ளைத் தொப்பி. கேட்டின் கை வானத்தைப் பார்த்து நின்றது. திறந்து.

சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த பழைய கேட் போன் அடித்தது. அதன் வயர் எதிலும் சேரவில்லை.

எடுத்தார்.

"கேட் சாத்தியாச்சா?" பெண் குரல். பெரிய பாரத்துக்கு அடியிலிருந்து வந்தது. "நம்பர் சொல்லு."

டடக். டடக். டடக்.

ஒரு சுண்டு. விரலால் ஒரே சுண்டு, கேட் விழுந்துவிடும். விரலை நீட்டினார். பைக் நகர்ந்தது. விரல் நகம் கேட்டில் பட்டது.

அவர்கள் வந்து சேர்ந்தால், மலை முழுக்கத் தெரியும்.

சத்தியம் பண்ணி உடைத்தவன்.

விரல் நின்றது. வாய் நிற்கவில்லை.

"நாப்பத்தேழு."

சிக்னல் பச்சையானது.

பனிக்குள்ளே, மலைப்பாதையின் வளைவிலிருந்து, தண்டவாளமே இல்லாத திசையிலிருந்து, ரயில் கூவியது. நீளமாக. வீட்டின் ஓடுகள் அதிர்ந்தன. அப்புறம் இரும்பின் மேல் இரும்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

பலகையில் வண்டி கேட்டைத் தாண்டி நின்றிருந்தது. குனிந்து பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பலகையின் விளிம்பிலிருந்து ஏதோ சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. சொட்டு ஒழுக்காயிற்று. இரண்டு தோல் பொம்மைகளுக்குள் அவ்வளவு இருக்க முடியாது. தரை மறைந்தது. கதவிடுக்கு வழியாக வெளியேயும் ஓடியது. அவருடைய கணுக்காலைத் தொட்டு மேலே ஏறியது, வெதுவெதுவென்று.