வடுவளையம்

கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் தூத்துக்குடிக் கதிராலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கசிவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கொதிகலனின் ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் ஒரு வடுவளையம் இருந்தது. சூட்டில் விரிசல் விட்டால், பக்கத்து இரும்பிலிருந்து துளி எடுத்துத் தானே மூடிக்கொள்ளும். காயத்தில் பொருக்குக் கட்டுவதுபோல.

அதைத் தேர்ந்தெடுத்தவள் பொறியாளர் ஜெசிந்தா. சோதனையில் கிராஃபைட் வளையம் பொடிந்தது. மைக்கா ஆவிக்கு வழிவிட்டது. உலோகம் சூடேறிக் குளிர்ந்ததும் தளர்ந்தது. அவள் எல்லாவற்றிடமும் கேட்டது ஒன்றுதான்: கசிவாயா? வடுவளையம் மட்டும் கசியவில்லை. அன்று முதல் கசிவால் கொதிகலன் நின்றதில்லை. ஊரில் விளக்கு அணைந்ததில்லை. தன் தேர்வு என்று அவள் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. பூசணிக்காய் உடைத்ததும் கொதிகலன் உச்சியிலுள்ள காப்பு வால்வைச் சங்கிலியால் இழுத்துத் திறப்பது அங்கே வழக்கம். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியேவிடும் வால்வு அது. திறந்தால் யானைபோல் பிளிறும். துறைமுகம்வரை கேட்கும். போன வருடம் சத்தம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த வருடம் சத்தமே இல்லை.

“ஏ செபத்தியான், நல்லா இழுல!” என்றார் மேலாளர் பொன்னுலிங்கம்.

“இதுக்கு மேல இழுத்தா சங்கிலி கையோட வந்துரும் சார்,” என்றான் ஃபிட்டர்.

மேலாளர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியளா? நம்ம ஆலையில சத்தங்கூட கசியாது!”

கைதட்டல் அடங்கவில்லை. ஜெசிந்தாவும் தட்டினாள். தட்டியபடியே அழுத்தமானியைப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. அவள் கை நின்றது.

“கண்ணாடி எல்லாத்தையும் திருப்புங்க! கொதிகலன்ல வெயில் படக்கூடாது! எல்லாரும் வெளிய போங்க!”

“நல்ல நாளும் அதுவுமா ஊரே கரண்டில்லாம கெடக்குமேம்மா!”

“கெடக்கட்டும் சார். இது வெடிச்சா கரண்டு கேக்க ஆளிருக்காது.”

ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் சூரியனை விட்டு முகம் திருப்பின. முள் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இறங்கியது.

மாலையில் செபத்தியான் வால்வைக் கழற்றினான். ஆவி வெளியேறும் வாய் இருந்த இடத்தில் வழவழப்பான இரும்பு. சூடு இன்னும் முழுதாகத் தணியவில்லை. துளைப்பானை வைத்து அழுத்தினான். மெல்லிய சீறல் ஒன்று வந்தது. அப்படியே நின்றது. முனை உள்ளே மாட்டி முறிந்தது; அதன்மேலும் இரும்பு மூடிக்கொண்டது.

“மேடம், ஓட்ட போடப் போட மூடிக்கிடுது. ஒங்க வளையம் லேசுப்பட்டதில்ல.”

“வேற வால்வு மாட்டுவோம்,” என்றார் மேலாளர்.

“அதையும் மூடும் சார். ஆவி வெளிய போனா காயம்னு சொல்லிக் குடுத்திருக்கோம். எந்த வழி காயமில்லன்னு சொல்லல.”

“அப்ப எல்லா வளையத்தையும் கழட்டிருவோமா?”

“வளையம்னு தனியா இப்ப எதுவும் இல்ல சார். குழாயெல்லாம் அதுவாத்தான் இருக்கு.”

காப்பு வால்வு இல்லாத கொதிகலனை யாரும் சூடேற்ற முடியாது. நாளை வெயில் வரும். உலகில் எதுவுமே கசியாத ஒரே கொதிகலன் அந்த வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

ஜெசிந்தா கையுறையோடு துளை இருந்த இடத்தைத் தடவினாள். தழும்புகூட இல்லை. அவளுக்கு அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது.