நெற்றியில் வைத்த கை

முதல் கோட்டையின் முன்னால் காரை நிறுத்தியதும் ரானல்ட் கேட்ட முதல் கேள்வி, "இங்க எந்தப் பேய்?" என்பதுதான்.

"முரசுக்காரன்," என்றாள் இஷ்பெல். மடியில் தங்கை ஃப்ளோராவின் பழைய நோட்டு விரிந்திருந்தது. "வீட்ல சாவு விழப்போகுதுன்னா, முந்தின நாளே அடிச்சுச் சொல்லிடுவானாம்."

"பரவாயில்லையே. நம்ம ஊர் டாக்டரை விடக் கெட்டிக்காரன்."

அவன் சிரித்தான். இஷ்பெலும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் பாதி வழியிலேயே காரைத் திருப்பிவிடுவான்.

ஃப்ளோரா அவனுடைய மனைவி. பேய்க் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. மூன்று கோட்டைகளின் பெயரை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மூன்றாவதான டனாரக் கோட்டைக்குப் புருஷனோடு போனவள், கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்து செத்தாள். இரண்டு வருஷம் ஆகிறது. வருகிற வசந்தத்தில் அவனுக்கு மறு கல்யாணம். பெண், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஊரார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: "செத்தவளோட அக்கா வந்தா நாங்களும் வர்றோம்."

"ஃப்ளோரா எழுதின மூணு கோட்டையையும் ஒரே நாள்ல என்கூட வந்து பார்த்துடு. அப்புறம் கல்யாணத்துல முதல் ஆளா வந்து நிக்கிறேன்," என்றாள் இஷ்பெல். அவனால் மறுக்க முடியவில்லை.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

அவர்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். சவப்பெட்டியை மூடுமுன், வந்தவர்கள் எல்லோரும் செத்தவரின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து எடுப்பார்கள். தொட்டவர் கனவில் செத்தவர் வரமாட்டார் என்பது வாய்விட்டுச் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் இன்னொன்று உண்டு. கொன்றவன் தொட்டால் பிணம் ரத்தம் கக்கும்.

ஃப்ளோராவின் நெற்றியை ரானல்ட் தொடவில்லை. கையுறையைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, "என்னால முடியலையே" என்று கதறினான். எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். இஷ்பெலும்தான் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் நெஞ்சில் முள் தைத்தது.

இரண்டாவது கோட்டையில் மழை பிடித்துக்கொண்டது. பச்சைப் பாவாடைக்காரி என்கிற பேய் உலாவுகிற சுவரைக் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"உன் கனவுல வர்றாளா?"

"யாரு?"

"வேற யாரு, ஃப்ளோராதான்."

ஓட்ஸ் ரொட்டியை அவன் வெகு நேரம் மென்றான். "தினமும்."

"என்ன சொல்றா?"

"பேசறதில்ல. கையை நீட்டுவா. அவ்வளவுதான். அந்தக் கோணல் சுண்டு விரலோட."

சிறு வயதில் கொட்டகைக் கதவை இஷ்பெல்தான் தங்கையின் விரல்மேல் சாத்தியவள். அந்த விரல் கடைசிவரை நிமிரவே இல்லை.

"எனக்கு ஒரு நாள்கூட வந்ததில்ல," என்றாள். "நான் தொட்டேன் இல்லையா."

டனாரக் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. நவம்பர் மாதத்து வெளிச்சம் அதற்குள் வடியத் தொடங்கியிருந்தது. ஏரியிலிருந்து எழுந்த பனிமூட்டம் கோட்டையின் இடுப்புவரை சுற்றிக் கிடந்தது. காவல்காரி எஃபி மன்ரோ சாவிக் கொத்து குலுங்க வந்தாள்.

"இன்னும் அரை மணிதான் இருக்கு, பார்த்துட்டு ஓடிடுங்க. கோபுரப் படியில ஏற முடியாது. அந்தப் பொண்ணு விழுந்ததிலேருந்து கம்பிக் கதவு போட்டுப் பூட்டியாச்சு." ரானல்டைக் கண்டதும் அவள் குரல் மாறியது. "அட, நீங்களா? அன்னைக்கு அழுதுக்கிட்டே ஓடிவந்த ஆளு."

அவன் தலையாட்டினான்.

கோபுரத்தின் அடியில் சின்னப் பிரார்த்தனைக் கூடம். ஈரச் சுண்ணாம்பும் பழைய மெழுகும் கலந்த வாடை. நடுவில் ஒரு கல்லறை, அதன்மேல் படுத்த கோலத்தில் ஒரு கற்சிலை. கை பட்டுக் கை பட்டு நெற்றி மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது.

"இந்தச் சீமாட்டியைப் புருஷனே மேலேருந்து தள்ளிவிட்டான்," என்றாள் எஃபி. "தள்ளினவன் பிணத்தைத் தொடவும் இல்ல, வேற யாரையும் தொட விடவும் இல்ல. அதான் ஊர்க்காரங்க கல்லுல படுக்க வச்சாங்க. வர்றவங்க எல்லாம் தொட்டுட்டுத்தான் போவாங்க."

இஷ்பெல் நெற்றியைத் தொட்டாள். வெறும் குளிர்ந்த கல்.

"நீயும் தொடு, ரானல்ட்."

"கல்லைத் தொட்டு என்ன ஆகப்போகுது?"

"கல்லுதானே? அப்ப தொடறதுக்கு என்ன?"

அவன் கை நீட்டினான். எஃபி களுக்கென்று சிரித்தாள். "கையுறையோட தொட்டா செல்லாது, ராசா."

அவன் கழற்றினான். இஷ்பெலைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையை வைத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. கல் கல்லாகவே கிடந்தது. ஒரு துளி ஈரம்கூட இல்லை.

இஷ்பெல் கல்லறையைவிட்டு ஓரடி விலகினாள். இரண்டு வருஷமாக ஒரு நிரபராதியையா மனசுக்குள் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்?

"வா, போகலாம்," என்றாள். "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வர்றேன்."

அவன் வரவில்லை.

"ரானல்ட்?"

"எடுக்கச் சொல்லு."

"எதை?"

"என் கைமேல இருக்கிற கையை."

அவன் கைமேல் எதுவும் இல்லை. ஆனால் புறங்கையில் தோல் அமுங்கியிருந்தது. ஐந்து வெளுத்த தடங்கள்.

ஐந்தாவது தடம் கோணல்.

"நான் வேணும்னு..." அவன் பற்கள் கிட்டின. "ஒரே ஒரு தடவைதான் தள்ளினேன். நோட்டைப் படிச்சுக் காட்டிச் சிரிச்சுட்டு இருந்தா. கையை நீட்டினா, இஷ்பெல். பிடிச்சிருக்கலாம். பிடிக்கல."

"அப்பவே அந்த டீச்சரா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதுதான் பதில்.

"நீ சொன்னா அவ கேட்பா. விடச் சொல்லு. உன் காலைப் பிடிச்சுக்கிறேன், விடச் சொல்லு!"

எஃபி சுவரோடு ஒட்டி நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். இஷ்பெல் குனிந்தாள். சிலையின் காதோரம், தங்கையைத் தூங்க வைக்கும் குரலில் சொன்னாள்.

"ஃப்ளோரா. விடாதேடி."

அவன் கை கல்லைவிட்டு எழும்பியது. அவனாக எடுக்கவில்லை. அடம் பிடிக்கும் குழந்தையைக் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போவதுபோல, கை முன்னால் நீண்டது. உடம்பு பின்னால் தடுமாறிக்கொண்டு போயிற்று. வாசல் இடப்பக்கம்.

அவன் வலப்பக்கம், கோபுரப் படி இருந்த பக்கம் போனான்.

படியேறும் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் ஒன்று. அதற்கு முன்னால், வெறுங்காலின் சத்தம்.

"அங்க எப்படிப் போக முடியும்?" எஃபி முணுமுணுத்தாள். "பூட்டியிருக்கே..."

சத்தம் மேலே மேலே போயிற்று. பிறகு நின்றது.

வெளியே, பனிமூட்டத்துக்குள், கனத்த மூட்டையைக் கீழே போட்டதுபோல ஓர் ஓசை.

எஃபி ஓடிப்போய்க் கம்பிக் கதவைப் பார்த்தாள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரானல்டின் வீட்டில் நிற்க இடமில்லை. மனைவி விழுந்த இடத்தைப் பார்த்துப் புத்தி பேதலித்துப்போனான் என்று ஊர் பேசிக்கொண்டது. எஃபி வாயைத் திறக்கவில்லை. இஷ்பெலும் திறக்கவில்லை. டீச்சர் மூலையில் விம்மிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராகப் போய் அவன் நெற்றியில் கை வைத்துவிட்டு வந்தார்கள்.

"போம்மா இஷ்பெல்," என்றாள் யாரோ ஒருத்தி. "நீதான் பாக்கி."

வாசற்படியிலேயே நின்றுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஃப்ளோரா செத்த அன்று அவன் அங்கேதான் நின்றான். எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பதைப் பார்த்தாள். நான் தள்ளவில்லையே, என்று சொல்லிக்கொண்டாள். பெட்டியருகே போய்க் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை வைத்தாள்.

நெற்றி குளிர்ந்திருந்தது. கல்லைப்போல.

முதலில் டீச்சரின் விம்மல் நின்றது. பிறகு கூடத்திலிருந்த பேச்சு முழுவதும் நின்றது.

ரானல்டின் மூக்கிலிருந்து மெல்லிய சிவப்பு இழை ஒன்று இறங்கி உதட்டைத் தொட்டது.

இஷ்பெல் கையை எடுக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. அவள் புறங்கையின்மேல் ஒரு குளிர்ந்த கை இருந்தது. நான்கு விரல்கள் கெட்டியாகப் பிடித்திருந்தன. ஐந்தாவது, அந்தக் கோணல் சுண்டு விரல், செல்லமாக இன்னும் கொஞ்சம் அழுத்தியது.