வேட்டி ஜெயித்த பந்தயம்

"ஏனுங்க... பந்தயத்துக்கு வந்தீங்களா, சேலை காயப்போட வந்தீங்களா?"

சுகுணாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அம்மாவின் ஊதாச் சேலைதான் அவள் படகுக்குப் பாய். அதற்கென்ன? கேட்டவன் பக்கத்து ஊர்க்கூட்டமான பெரக்கரை நாட்டுத் தமிழ்ச்செல்வன். பாய் கிழிந்துபோய், கட்டியிருந்த வேட்டியையே மூங்கிலில் ஏற்றிவிட்டு, இடுப்பில் வெறும் துண்டோடு உட்கார்ந்திருக்கிறான். பேச்சைப் பார்!

"உங்க வேட்டிய முதல்ல பாருங்க!"

அப்பா சென்றாயன் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் பெரக்கரைக்காரங்ககிட்டத் தோத்தா, படகுப் பக்கமே போகக் கூடாது கண்ணு."

தோற்பதாவது! ஏரிக்கரையில் நட்ட கொடி இதோ... அவள்தான் முன்னால். திரும்பிப் பார்த்தாள். அவன் கொடியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடேயப்பா, என்ன கண்கள்... மழைக்கு முந்தைய மேகம் மாதிரி...

காற்று மாறியது. மூங்கில் சுழன்று அவன் மண்டையில் ஒரு போடு போட்டது. தொபுக்கடீர்!

"கால் பிடிச்சுக்கிச்சுங்க..." தலை முங்கியது.

கொடியா, அவனா? பாழாய்ப்போன மனசு யோசிக்கவே இல்லை. படகைத் திருப்பித் துடுப்பை நீட்டினாள். பிடித்துக்கொண்டான்... ஆனால் ஏறவில்லை.

"ஏறுங்க!"

"மாட்டேனுங்க... துண்டு போயிருச்சு."

சுகுணா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. பாயை அவிழ்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

ஆளில்லாத அவன் படகோ, வேட்டி புடைக்கப் போய்க் கொடியைத் தொட்டுவிட்டது. மைக்கில் அறிவித்தே விட்டார்கள்... முதல் பரிசு பெரக்கரை நாடு!

ஊதாச் சேலையோடு கரையேறியவன் கோப்பையை வாங்கி நேரே அவளிடம் வந்தான். "ஜெயிச்சது நீங்கதானுங்க."

"பாவம் பாத்துக் குடுக்கறது எனக்கு வேண்டாம்." கண் கலங்கியது. அப்பா வேறு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

"சொன்னது ஞாபகம் இருக்குதா கண்ணு? இனிப் படகு..."

"இருங்க மாமா!" தமிழ்ச்செல்வன் குறுக்கே வந்தான்.

"யாருக்கு யாரு மாமா?"

தூறல் விழ ஆரம்பித்தது. "இவங்க திரும்பலீன்னா நான் இப்ப உசுரோட இல்லீங்க. இவங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சுங்க... விழுந்த பொறவு இல்ல, அதுக்கு முன்னாடியே. அதனாலதான் விழுந்தேன். இந்தச் சேலையைத் திருப்பித் தர, வெள்ளிக்கிழமை அம்மாவோட உங்க ஊட்டுக்கு வாரேனுங்க."

சென்றாயன் அவனை மேலும் கீழும் பார்த்தார். சேலை நழுவ, அவன் பதறிப் பிடித்தான். அவர் மீசை துடித்தது... சிரிப்பு!

"வாரப்பவாவது வேட்டி கட்டீட்டு வாங்க."

சுகுணா தலை நிமிரவில்லை. "வெறுங்கையோட வேண்டாமுங்க. எனக்கு ஒரு புதுச் சேலை..."

"அப்புறம்?"

"என் படகுக்கு ஒரு புதுப் பாய்..."