ஊமையான இரண்டு கட்டைகள்

"எங்கப்பாவுக்குப் புத்தி கலங்கிடுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார். நாலு மணிக்கு டாக்டர் வர்றார். அவர் கையெழுத்துப் போட்டா, நாளைக்கே அப்பாவை நினைவு தப்பினவங்க இல்லத்துல சேர்த்துடுவாங்க."

வந்தவர் லாரி ஓட்டுபவர். ஆறடி உயரம், குரல் மட்டும் உடைந்திருந்தது. துப்பறிபவர் அவரை உட்காரச் சொன்னார். ஊரில் துப்பறிபவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். அவருடைய உதவியாளர் அம்மாள் ‘அவசரம்’. பெயர் வைத்த புண்ணியவான் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். அந்த அம்மாள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

லாரிக்காரரின் அப்பா பியானோ வாத்தியார். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கை விழுந்துவிட்டது. தலை எந்நேரமும் ஆடிக்கொண்டே இருப்பதால், ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்பதும் தெரியாது.

"மூணு வாரமா பியானோவுல ஒரே நாலு கட்டையைத்தான் அமுக்குறார். உடனே அழுகை. மறுபடியும் அதே நாலு. அதுக்கு மேல மறந்துபோச்சுன்னு அக்கா சொல்றா."

வீட்டில் அக்காதான் கதவைத் திறந்தாள். அப்பாவிடம் பியானோ கற்றவள், கல்யாணமாகாதவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மூலையில், பகலில் உதவிக்கு வரும் ஆள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான்.

சக்கர நாற்காலியில் இருந்த வாத்தியார் இடது கையை நீட்டி வாசித்தார். ப, நி, ரி, ம. நான்கும் சேர்ந்து ஒலித்து, அப்படியே தொங்கின.

"இந்தக் கார்டுக்கு, அதாவது சுரக்கூட்டுக்கு, டாமினன்ட் செவன்த்னு பேரு சார்" என்றார் அவசரம். அவரும் கொஞ்சம் கீபோர்டு கற்றவர். "நி இருக்கே, அது பக்கத்து ஸ-வுக்கு ஏறத் துடிக்கும். ம என்னடான்னா க-வுக்கு இறங்கத் துடிக்கும். ரெண்டும் போய்ச் சேர்ந்தாத்தான் நிம்மதி. இப்படிப் பாதியில விட்டா, தும்மல் வந்து நின்ன மாதிரி இருக்கும். பாவம், அந்த ரெண்டு கட்டையும் மறந்துபோச்சு."

"மறக்கல. காதை விடும்மா, விரலைப் பாரு."

வாத்தியார் மறுபடி வாசித்தார். நான்கு சுரத்துக்குப் பின் இரண்டு விரல்கள் சரியாக ஸ-விலும் க-விலும் இறங்கின. டொக் என்றதே தவிர நாதம் வரவில்லை. வாத்தியாரின் கண்ணில் நீர் முட்டியது.

நிதானம் பியானோவின் மேல்மூடியைத் திறந்தார். இரண்டு இடத்தில், தந்திகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளித் துணி இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

"எலி வேலையா சார்?" என்றார் மகன்.

"எலிக்கு சங்கீதம் தெரியாதே! ஸ-வுக்கும் க-வுக்கும் நடுவுல ரி இருக்கு. அதை விட்டுட்டு இந்த ரெண்டை மட்டும் அடைச்சிருக்கு. இந்தக் கார்டு எங்க போய்ச் சேரும்னு தெரிஞ்ச கை. கட்டை மேல விரிக்கிற சிவப்புத் துணியைப் பாருங்க, ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, அழகா மடிச்சுத் தைச்சிருக்கு. நாற்காலிக்கும் இங்கேயே பிரேக் போட்டிருக்கு. வேற கட்டைக்கு அவர் கை எட்டாது." துணியை உருவியபடி, "அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. இதோட நிறுத்திக்கலாம்" என்றார்.

நிறுத்துகிற ஆளா அவசரம்? "ஐயா, துணியை அடைச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஆமான்னா முடிச்சு வாசிங்க. இல்லேன்னா பாதியில விட்டுடுங்க."

"வேண்டாம்மா" என்றார் நிதானம். அதற்குள் கை இறங்கிவிட்டது. ப-நி-ரி-ம. ஸ-க. மூன்று வாரம் கழித்து அந்த ஒலி வந்து சேர்ந்ததும் அறையே மூச்சு விட்டது.

"உங்க மகனா?" நான்கு சுரம். கை விலகியது.

"உதவிக்கு வர்றவரா?" நான்கு சுரம். விலகியது.

"மகளா?"

நான்கு சுரம். விரல்கள் ஸ-வுக்கும் க-வுக்கும் மேலே வந்து நின்றன. ஆயுள் முழுக்க ஒரு கார்டைப் பாதியில் விடாத மனிதர். நெற்றி வேர்த்தது. மெல்லக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பாடா, அக்கா இல்ல!" என்றார் தம்பி.

அவர் மகளுக்காகப் பொய் சொல்கிறார் என்று அவசரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்ட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சுரங்கள் காதில் தொங்கிக்கொண்டே இருந்தன.

அக்கா எழுந்து வந்தாள். அப்பாவின் பக்கத்தில் நின்று, ஸ-வையும் க-வையும் அவளே அழுத்தினாள்.

"புத்தி தெளிவா இருந்தா இல்லத்துல சேர்த்துக்க மாட்டாங்களாம்" என்றாள், யாரையும் பார்க்காமல். "எட்டு மாசமா நான் முழுசா தூங்கினதில்ல. நீ மாசம் ஒருநாள் வந்துட்டுப் போற. என்னால முடியலடா. முடியலப்பா."

கட்டையிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை. வாத்தியாரின் இடது கை மடியிலிருந்து கிளம்பி, தடுமாறி, அவள் கைமேல் போய் அமர்ந்தது.

மணி நான்கு. வாசலில் டாக்டர் அழைப்பு மணியை அடித்தார். அவசரத்துக்குப் போய்த் திறக்கக் கால் வரவில்லை.