இரண்டு முறை அடித்து நின்ற தொலைபேசி

புதன்கிழமை காலை லாரிசா பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு அம்மா வீட்டுக்குள் நுழைந்தாள். ஒரு கையில் சாலை வரைபடம், இன்னொரு கையில் ஹோட்டல்காரன் அச்சடித்த வண்ணத் தாள். அவள் கணவன் டானிலோ பின்னால் வந்து, யாரும் சொல்லாமலேயே அடுப்படி மேசையில் உட்கார்ந்து, மாமியார் வேகவைத்திருந்த வரெனிகிக் கொழுக்கட்டையில் கை வைத்தான். உள்ளே உருளைக்கிழங்கு கொதிக்கக் கொதிக்க இருந்தது. வாயைத் திறந்து ஊதிக்கொண்டே தின்றான்.

இருவருக்கும் கல்யாணமாகி நான்கு மாதம். அறுவடை, அப்புறம் மாடு, அப்புறம் டானிலோவின் முதுகுவலி என்று தேனிலவு தள்ளிக்கொண்டே போனது. இப்போது பிப்ரவரியில் மூன்று நாள் வினிபெக் நகரத்துக்குப் போவதாக முடிவு.

"வெள்ளிக்கிழமை மதியம் கிளம்புறோம். சனிக்கிழமை பனித் திருவிழா. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறோம். மத்த நேரமெல்லாம் நீச்சல் குளம்" என்று லாரிசா தாளை விரித்தாள்.

அவள் அப்பா ஓரெஸ்ட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளுடைய பட்டியலைப் படித்தார். "மைனஸ் முப்பத்தொண்ணுல நீச்சல் உடுப்பு எடுத்துட்டுப் போற ஊர்க்காரங்க உலகத்துல நாமதான்டி."

"குளம் ஹோட்டலுக்குள்ள இருக்குப்பா. வெந்நீர்!"

"அப்ப சோப்பையும் எடுத்துட்டுப் போ. ஒரேயடியா குளிச்சிட்டு வந்துடலாம்."

அம்மா ஹாலினா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பட்டியலின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பளி இரண்டு, மண்வெட்டி, மெழுகுவர்த்தி மூன்று, அதை ஏற்றிவைக்கக் காலி காப்பி டப்பா, தீப்பெட்டி. குளிர்காலத்தில் நெடுஞ்சாலை ஏறுகிற எல்லோரும் காரில் போட்டுக்கொள்வதுதான். வழியில் வண்டி நின்றுபோனால், டப்பாவுக்குள் எரிகிற ஒரு மெழுகுவர்த்தி இரண்டு பேரைச் சில மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும்.

"போனதும் ரெண்டு தடவை அடிச்சு வெச்சிடுறேம்மா, எப்பவும் போல" என்றாள் லாரிசா.

கைப்பேசி வராத காலம் அது. வெளியூருக்குப் பேசினால் காசு. அதனால் ஊர் சேர்ந்தவர்கள் வீட்டு எண்ணைச் சுழற்றி, இரண்டு முறை மணியடித்ததும் வைத்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் எடுக்கமாட்டார்கள். பத்திரமாக வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

"ரெண்டு வேண்டாம்" என்றாள் ஹாலினா. "மூணு."

"ஏம்மா?"

"மூணுன்னா மூணு. வேற யார்கிட்டயும் சொல்லாதே."

"உளவுக்காரி மாதிரி பேசறாங்க அத்தை" என்றான் டானிலோ, வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. லாரிசா தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டியலில் எழுதிக்கொண்டாள்.

காரணத்தை ஹாலினா யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருடம் கூடப் படுத்த ஓரெஸ்டிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடம் முன்பு, ஒரு ஜனவரியில், அவள் தங்கை ஸ்டெஃபா இதே சாலையில் தனியாக வினிபெக் கிளம்பினாள். மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இதே சுவரில் தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றது. ஹாலினா நிம்மதியாக மேலங்கியை மாட்டிக்கொண்டு சர்ச் கூடத்துக்குப் போய், ஒரு கல்யாணத்துக்கு வரெனிகி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை போலீஸ்காரர் வந்தார். வழியிலுள்ள கிளாட்ஸ்டன் ஊருக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் கார். மூன்று மெழுகுவர்த்தியும் அடிவரை எரிந்திருந்தன. ராத்திரி ஒன்பது மணி வரையாவது உயிரோடு இருந்திருப்பாள், யாராவது தகவல் கொடுத்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் அவர்.

ஐந்து மணிக்கு ஸ்டெஃபா காருக்குள் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொலைபேசி ஏதும் கிடையாது. அவள் அடிக்கவில்லை. செத்துப்போன பிறகு வந்து அடித்தாள் என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் அடித்தது யார்?

எண் மாறி வந்த அழைப்பு என்று ஹாலினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள்கூட நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டானிலோ இஞ்சினைச் சூடாக வைக்கக் காரின் முன்பக்கம் மாட்டியிருந்த மின்வயரைப் பிடுங்கிச் சுருட்டினான். ராத்திரி முழுக்கச் சூடேறியிருந்த இஞ்சின் ஒரே திருகில் கிளம்பியது. லாரிசா கண்ணாடி வழியாக மூன்று விரலைக் காட்டிச் சிரித்தாள்.

இரண்டரை மணிக்குக் காற்று திரும்பியது. மூன்று மணிக்கு எதிர்வீட்டுக் கொட்டகை மறைந்தது. நான்கு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே தெருவே இல்லை. இருட்டினால்கூட விளக்குப் போட்டுப் பார்க்கலாம். இது வெள்ளை. விளக்குப் போட்டால் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

"நாலரைக்குள்ள போயிடுவாங்க" என்றார் ஓரெஸ்ட். "அவன் நல்லா ஓட்டுவான்."

நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. அடுப்பில் பீட்ரூட் சூப் சுண்டி, அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

தொலைபேசி அடித்தது.

ஒன்று.

இரண்டு.

நின்றது.

ஓரெஸ்ட் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்பாடா! ஊர் சேர்ந்துட்டாங்க."

ஹாலினா அசையவில்லை. "மூணுன்னு சொன்னேன்."

"மறந்திருப்பா. உன் பொண்ணு தலையை மறந்து வெச்சிட்டு வர்றவ."

"இல்ல ஓரெஸ்ட். இது அவ இல்ல."

ஸ்டெஃபா செத்த அன்றும் இதே நேரத்தில் போன் இரண்டு முறை அடித்ததை நின்றபடியே சொன்னாள். இரண்டு மணியை நம்பிச் சர்ச்சுக்குப் போனதையும் சொன்னாள். "நான்தான் அவளைக் கொன்னேன். இந்தச் சத்தத்தை நம்பிக் கொன்னேன்" என்று வாய்விட்டு அழுதாள். ஓரெஸ்ட் போய் ரிசீவரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

போலீஸில் பேசியவன் இளவயசுக்காரன். சாலையை மூடிவிட்டதாகவும், நீபாவா ஊர்ப் பக்கமிருந்து பனி தள்ளும் வண்டியை முன்னால் விட்டுத் தேடச் சொல்வதாகவும் சொன்னான். "அவங்க வந்து சேர்ந்ததாத் தகவல் தெரிஞ்சா உடனே சொல்லிடுங்கம்மா. இந்தக் காத்துல ஆளுங்களை வெளிய நிறுத்தி வைக்க முடியாது."

ஆறு பத்துக்கு மறுபடி அடித்தது.

ஒன்று.

இரண்டு.

சுவரின் அந்தக் கறுப்புப் பெட்டி அமைதியாக இருந்தது. கடிகாரம் ஓடுவது கேட்டது.

மூன்று.

நின்றது.

"மூணு! ஹாலினா, மூணு!" ஓரெஸ்ட் தொலைபேசிக்குப் பாய்ந்தார். "போலீஸ்ல சொல்லிடறேன், பாவம் அந்தப் பசங்க..."

ஹாலினா இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி! நீ கேட்டதுதானே அடிச்சது?"

"மூணாவது லேட்டா அடிச்சது."

"என்ன லேட்டு?"

"போன் அப்படி நின்னு யோசிச்சு அடிக்குமா? எண்ணத் தெரியாத குழந்தை மாதிரி அடிச்சது." அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. "மூணுன்னு நான் எங்க சொன்னேன்? இங்கதான். இந்த மேசைக்கிட்ட. இந்தப் போனுக்கு நேர் கீழ நின்னு சொன்னேன்."

ஓரெஸ்ட் மெதுவாகத் தலையைத் தூக்கித் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

தங்கள் மகள் பத்திரமாக ஊர் சேர்ந்திருந்தால், அந்தப் பனிக்குள் தேடுகிற யாரோ நாலு பையன்கள் வீணாகச் செத்துக்கொண்டிருப்பார்கள். சேரவில்லை என்றால், தேட வேண்டாம் என்று ஒரே ஒரு போன் போட்டுத் தாங்களே அவளைக் கொன்றுவிடுவார்கள். ஒன்றே கால் மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்குக் கேட்டுவிடும் என்று பயந்து, ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழரைக்கு அது அடித்தது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எட்டாவது மணியில் ஹாலினா எடுத்தாள்.

"கிடைச்சுட்டாங்கம்மா" என்றான் அந்தப் பையன். "கிளாட்ஸ்டன் தாண்டலை. வண்டி பள்ளத்துல. கடைசி மெழுகுவர்த்தி எரிஞ்சிட்டிருந்துது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, உங்க பொண்ணுக்குக் காதுலதான் கொஞ்சம் பனிக்கடி. பக்கத்துப் பண்ணை வீட்டுல படுக்க வெச்சிருக்கோம், அங்கேருந்துதான் பேசறேன்."

அவனுக்குப் பின்னாலிருந்து லாரிசாவின் குரல் வந்தது. "அம்மா... அடிக்கவே முடியலைம்மா. மத்தியானத்துலேருந்து வண்டிக்குள்ளயேதான் இருந்தோம்."

"போனைப் பத்திப் பேசாதே கண்ணு. விடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடு. அது போதும்."

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஓரெஸ்ட் வாசலில் வழி வெட்டிக்கொண்டிருந்தார். ஹாலினா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நேற்றைய பயமெல்லாம் இந்த வெளிச்சத்தில் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. போலீஸாக இருக்கும் என்று மாவுக் கையோடு எடுத்தாள்.

"அம்மா, வந்து சேர்ந்துட்டோம்மா!"

லாரிசாவின் குரல். அவளுடைய சிரிப்பு. மூச்சு வாங்கும்போது வருகிற அந்தச் சின்ன விசில்கூட இருந்தது.

"எங்க... எங்க இருக்கே?"

"ஹோட்டல்லதாம்மா. சொன்ன மாதிரியே குளத்துல வெந்நீர். இப்ப பனித் திருவிழாவுக்குக் கிளம்பறோம். நாளைக்குக் கடை. அப்பாகிட்ட சொல்லு, சோப்பு எடுத்துட்டு வந்திருக்கேன்."

ஹாலினாவால் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்து குளிர் உள்ளே பாய்ந்தது. காதில் கட்டுப்போட்ட லாரிசா, யாருடையதோ ஒரு பெரிய மேலங்கிக்குள் வெளிறிப்போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரகாசமான வெள்ளை.

"யாரும்மா போன்ல?" என்று கேட்டாள்.

ரிசீவரில் சிரிப்பு நின்றது.

"அம்மா" என்று காதோரம் அதே குரல் மெல்லக் கேட்டது. "வாசல்ல யாரு வந்து நிக்கிறது? உள்ள விட்டுடாதேம்மா."